சேவல் கூவிய கதை

மாக்பெத் நாடகத்தை மேடையேற்ற என்னென்ன வேண்டும்? ஒரு வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்காக அதில் நான்கே நான்கு காட்சிகளை எடுத்துக் கொண்டு நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. சூனியக்காரிகள் மூவர் வேண்டும், அவர்களுக்கு ஒரு கொப்பரை வேண்டும், கோட்டை வேண்டும், விருந்து மண்டபம் வேண்டும், போதாக்குறைக்குக் கடைசியில் ஒரு காடே நடந்து வர வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன்கள் வேப்பங்கொம்புகளை ஏந்திக் கொண்டு வந்து, கொடுங்கோலனான மாக்பெத்தை வீழ்த்துவதற்குப் பதிலாக, மேடையின் பின்திரையையே வீழ்த்திவிட்டார்கள். சபையோர் அதைத்தான் அதிகமாக ரசித்தார்கள்.

ஆகவே, ஐந்து பேர், ஒரு தோல்பெட்டி, ஒரு வீட்டின் கூடம் ஆகிய இவற்றைக் கொண்டே மாக்பெத் முழுவதையும் ஆடிக் காட்டியவர்கள் உண்டு என்று முதன்முதலாகப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம். இடம், செக்கோஸ்லோவேகியாவின் தலைநகரான பிராக். வருஷம் 1978. மாக்பெத்தாக நடித்தவர் பாவெல் லண்டோவ்ஸ்கி. லேடி மாக்பெத்தாக நடித்தவர் விளாஸ்டா கிராமோஸ்டோவா. இருவரும் அந்த நாட்டு மேடையிலும் திரையிலும் பெரும் புகழ் பெற்று, பின்னர் சர்க்காரின் கோபத்துக்கு ஆளாகி, இரண்டிலிருந்தும் விலக்கப்பட்டவர்கள். மற்ற வேஷங்கள் அனைத்தையும் மூவர் பகிர்ந்து கொண்டனர். ஒருவர், பாடுவதற்கு அனுமதி மறுக்கப்பட்ட ஒரு பாடகர். மற்றொருவர் ஓர் இளம் பெண். மூன்றாமவர் அந்தப் பெண்ணின் தந்தை; ஷேக்ஸ்பியரை ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அடங்கும்படி சுருக்கித் தொகுத்த நாடகாசிரியர். அவர் பெயர் பாவெல் கோஹௌட்.

செக் பாஷையில் 'கோஹௌட்' என்றால் சேவல். இந்த மனிதரின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு, பெயர் வைத்த முன்னோர்கள் தீர்க்கதரிசிகளோ என்றுகூடத் தோன்றும். ஏனெனில், வாலிபத்தில் இவர் விடியாத ஒரு விடியலைக் கூவி அறிவித்தார். பின்னர், தாம் கூவியது தவறு என்பதை அதே தொண்டையால் கூவினார். இரண்டாவது கூவலுக்குக் கொடுத்த விலை பெரிது. ஆனால் முதற் கூவல் எவர் காதிலிருந்தும் முற்றிலும் மறைந்து போகவில்லை. இவருடைய வாழ்க்கையில் நான் கவனித்துப் பார்க்க விரும்புவது இந்த இரண்டையுமே.

அவர் பிறந்தது 1928ஆம் வருஷம் ஜூலை 20ஆம் தேதி, பிராக் நகரிலேதான். 1938இல் மியூனிக் நகரில் பெரிய வல்லரசுகள் கூடிச் செக் நாட்டின் எல்லைப் பிரதேசங்களை ஹிட்லருக்குத் தாரை வார்த்தபோது அவருக்கு வயது பத்து. மறு வருஷம் மார்ச் மாதம் 15ஆம் தேதி ஜெர்மன் பட்டாளம் தலைநகருக்குள்ளேயே நுழைந்தது. ஆறு வருஷ அடிமை வாழ்வுக்குப் பின், 1945 மே மாதத்தில் பிராக் நகருக்குள் வந்து சேர்ந்தவர்கள் ஸோவியத் சிப்பாய்கள். பதினாறு வயதுப் பையன் ஒருவன் அப்போது என்ன நினைத்திருப்பான்? பிரிட்டனும் பிரான்ஸும் நம்மைக் கைவிட்டன, ரஷ்யா நம்மைக் கை தூக்கிவிட்டது என்று நினைத்திருப்பான். அப்படி நினைத்தவர்கள் அந்தத் தேசத்தில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். கோஹௌட்டும் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார்.

சேர்ந்ததோடு நிற்கவில்லை. 1948 பிப்ரவரியில் கட்சி முழு அதிகாரத்தையும் கைப்பற்றியபின், அதன் இளங்கவிகளில் முன் வரிசையில் நின்றார். ஸ்டாலினைப் பாடினார். வரப்போகும் பொற்காலத்தைப் பாடினார். இளைஞர்கள் அந்தப் பாட்டுக்களைக் கூட்டமாக நின்று பாடினார்கள். இருபத்தொன்றாவது வயதிலேயே, 1949இல், மாஸ்கோவிலிருந்த செக்கோஸ்லோவேகிய ஸ்தானிகராலயத்தில் கலாசார அதிகாரியாக அனுப்பப்பட்டார். திரும்பி வந்ததும் ஒரு நகைச்சுவைப் பத்திரிகையின் ஆசிரியர் பதவி கிடைத்தது.

அந்த வருஷங்களிலே பிராக் சிறைச்சாலைகளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஜெர்மானியரின் சிறையிலிருந்து மீண்டு வந்தவரும், பார்லிமெண்டு அங்கத்தினராக இருந்தவருமான மிலாடா ஹொராகோவா என்ற மாதரசி, 1950 ஜூன் 27ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். 1952இல் கட்சியின் காரியதரிசியாக இருந்த ஸ்லான்ஸ்கி உட்பட 14 பேர் மீது ராஜத் துரோகக் குற்றம் சாட்டி, மனப்பாடம் செய்விக்கப்பட்ட வாக்குமூலங்களை ஒப்பிக்கச் செய்து, 11 பேரைத் தூக்கில் போட்டார்கள். வெளியே இளைஞர்கள் பாடிக் கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டுக்களில் சில கோஹௌட்டினுடையவை. இதை மழுப்பிவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் ஒப்பவில்லை.

பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மிலான் குந்தேராவும் அந்தக் காலத்தில் இதே சுருதியில் கவிதைகள் எழுதியவர்தாம். குந்தேரா தம்முடைய ஆரம்ப நூல்களைத் தம் படைப்புக்களின் கணக்கிலிருந்தே தள்ளிவிட்டார். ஓர் எழுத்தாளருக்கு அந்த உரிமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கோஹௌட் வேறு வழியிற் சென்றார். 1969இல் வெளிநாட்டில் அவர் பிரசுரித்த நூலுக்கு 'ஓர் எதிர்ப்புரட்சிக்காரனின் நாட்குறிப்பிலிருந்து' என்று பெயர். தம்மைப் பகைவர்கள் திட்டிய வசை மொழியையே புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்து, போர்க்காலத்துப் பையனாகத் தாம் இருந்தது முதல் ரஷ்ய டாங்கிகள் வந்தது வரையில் தம்மைத் தாமே குறுக்கு விசாரணை செய்து கொள்கிறார். எங்கே நம்பினேன், எங்கே கண்ணை மூடிக் கொண்டேன் என்பதே அதில் விசாரணைப் பொருள்.

விசாரணை என்பது அவருக்குப் பிடித்தமான உருவம் என்று தோன்றுகிறது. 1957இல் மேடையேறி, செக் நாட்டிலும் ஜெர்மனியிலும் இன்னும் பல தேசங்களிலும் அவருக்குப் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்த 'இத்தகைய காதல்' என்ற நாடகத்தைப் பாருங்கள். சட்டக் கல்லூரி மாணவி ஒருத்தி, மணமான ஒருவனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். அவளுக்கென்று நிச்சயிக்கப்பட்ட வாலிபன் வேறு ஒருவன் இருக்கிறான். முடிவில் அவள் உயிரை விடுகிறாள். நீதிபதியின் அங்கி தரித்த ஒரு மனிதன் மேடைக்கு வந்து, இறந்தவள் உட்பட எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறான். சட்டப் புத்தகத்தின்படி ஒருவர் பேரிலும் குற்றமில்லை. ஆனாலும் ஒருவராவது தலைநிமிர்ந்து மேடையை விட்டுப் போக முடிவதில்லை. 1956இல் ஸ்டாலினுடைய கொடுமைகளைக் குருஷ்சேவ் அம்பலப்படுத்தியதற்கு மறு வருஷம் இந்த நாடகம் வெளிவந்தது. சபையில் இருந்தவர்கள் காதலை மட்டும் நினைத்துக் கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

1967ஆம் வருஷம் இவர் வாழ்க்கையில் ஒரு திருப்பம். பிராக்கிலுள்ள வினோஹ்ரடி நாடகசாலையில் 'ஆகஸ்ட் ஆகஸ்ட், ஆகஸ்ட்' என்ற நாடகம் அரங்கேறியது. ஆகஸ்ட் என்பது சர்க்கஸ் கோமாளியின் பெயர். அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. லிப்பிஸா ஜாதியைச் சேர்ந்த எட்டு வெள்ளைக் குதிரைகளைத் தான் பழக்கி ஆட்ட வேண்டும் என்பது அது. சர்க்கஸ் டைரக்டர் ஒன்றன்பின் ஒன்றாக நிபந்தனை விதிக்கிறார். கோமாளியும் சளைக்காமல் ஒவ்வொன்றையும் நிறைவேற்றுகிறான். கடைசியில், "சரி, உன் குதிரைகள் வருகின்றன" என்ற பாவனையில் விளக்குகள் அணைகின்றன, வாத்தியம் முழங்குகிறது, கூண்டுக் கதவு திறக்கிறது. வெளியே வருபவை புலிகள்.

அதே வருஷம் ஜூன் மாதம் செக்கோஸ்லோவேகிய எழுத்தாளர் மகாநாடு கூடிற்று. ரஷ்ய எழுத்தாளர் ஸோல்ஜெனித்ஸின், தணிக்கை முறையைக் கண்டித்துத் தம் தேசத்து எழுத்தாளர் மகாநாட்டுக்கு எழுதிய கடிதத்தை அங்கே பகிரங்கமாக வாசிக்க விடவில்லை. கோஹௌட் பிராக் மகாநாட்டில் எழுந்து அதை முழுவதும் வாசித்தார். மேடையில் வீற்றிருந்த கட்சிப் பிரமுகர் ஹெண்ட்ரிக் கோபாவேசத்துடன் எழுந்து வெளிநடப்புச் செய்தார். அவர் கோபித்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஸ்டாலினைப் பாடிய அதே குரல் அல்லவா அன்று ஸோல்ஜெனித்ஸினை வாசித்தது!

அடுத்த வருஷம் வந்தது 'பிராக் வசந்தம்'. டூப்செக் தலைமையில் தணிக்கை நீங்கிற்று. ஜனங்கள் வாய்விட்டுப் பேசத் தொடங்கினார்கள். ஜூலையில் ஸோவியத் தலைவர்கள் மிரட்டிப் பேச்சு வார்த்தைக்கு அழைத்தபோது, பணிந்துவிடாதீர்கள் என்று தங்கள் தலைவர்களுக்குப் பிரஜைகள் விடுத்த ஒரு செய்தி பத்திரிகையில் வெளியாயிற்று. எழுதியவர் கோஹௌட். சில தினங்களில் லட்சக்கணக்கானோர் தெருக்களில் நின்று அதிற் கையெழுத்திட்டனர். ஆகஸ்டு 20ஆம் தேதி இரவு டாங்கிகள் எல்லையைத் தாண்டின. கோமாளியின் பெயரைத் தாங்கிய அந்த மாதத்திலேயே புலிகளின் கூண்டும் திறந்ததை எண்ணும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

அதற்குப் பின் வந்த காலத்தைச் சர்க்கார் 'சகஜ நிலைமை' என்று அழைத்தது. கட்சியிலிருந்து கோஹௌட் நீக்கப்பட்டார். அவருடைய நாடகங்கள் மேடையிலிருந்தும், புத்தகங்கள் நூல் நிலையங்களிலிருந்தும் மறைந்தன. அவரைப் போன்ற நூற்றுக்கணக்கானோருக்கும் அதே கதிதான். சரித்திர ஆசிரியர்கள் கொதிகலனுக்கு நிலக்கரி தள்ளினார்கள். எழுத்தாளர்கள் ஜன்னல் துடைத்தார்கள். கோஹௌட்டின் நாடகங்கள் அயல்நாடுகளில் நடந்து கொண்டிருந்தபடியால் அவருக்கு வயிற்றுப் பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் செக் பாஷையில் எழுதியவருக்குச் செக் வாசகர்கள் இல்லை. ஜெர்மன் மொழிபெயர்ப்பிலேதான் அவர் நூல்கள் முதலில் வெளிவந்தன. எந்தப் பாஷை பேசியவர்கள் தம் இளம் பிராயத்தில் நாட்டை அடிமை கொண்டார்களோ, அந்தப் பாஷையே அவர் எழுத்துக்கு அடைக்கலம் அளித்தது.

உள்நாட்டில் இருந்த வழி ஒன்றே ஒன்று. லுத்விக் வாட்சுலிக் என்ற நாவலாசிரியர் 1972 முதல் 'பூட்டு' என்ற பெயரில் ஒரு வெளியீட்டு வரிசையை நடத்தினார். அச்சகமும் இல்லை, கடையும் இல்லை. தட்டெழுத்து யந்திரத்தில் மெல்லிய காகிதங்களுக்கிடையே கார்பன் காகிதங்களை வைத்துத் தட்டினால், ஒரு முறைக்குப் பத்துப் பன்னிரண்டு பிரதிகள் கிடைக்கும். கடைசிப் பிரதியைப் படிக்க நல்ல கண் வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் ஆசிரியர் கையெழுத்திடுவார். இது புத்தகமல்ல, சொந்தக் கையெழுத்துப் பிரதியை நண்பருக்குக் கொடுத்தேன் என்று சொல்லிக் கொள்வதற்காக. இவ்விதமாக முந்நூறுக்கு மேற்பட்ட நூல்கள் அந்த வரிசையில் வந்தன என்றால் நம்புவது கடினம், ஆனால் உண்மை.

இந்தக் காலத்தில் கோஹௌட் எழுதிய நாவல்களில் இரண்டைப் பற்றிச் சொல்லாமற் போனால், உபாத்தியாயர் என்ற முறையில் நான் கடமை தவறியவனாவேன். இரண்டுமே பள்ளிக்கூடத்தோடு சம்பந்தப்பட்டவை.

முதலாவது, 1970இல் ஜெர்மன் பாஷையில் வெளிவந்த 'வெள்ளை அறிக்கை'. ஆடம் யுராச்செக் என்பவன் சித்திரமும் தேகப் பயிற்சியும் கற்பிக்கும் ஆசிரியன். மனத்தை ஒருமுகப்படுத்தும் சக்தி ஒன்றினாலேயே அவன் பூமியின் ஈர்ப்பு விசையிலிருந்து விடுபட்டு, ஒரு நாள் அறையின் மேல்தளத்தில் தலைகீழாக நிற்கிறான். ஸர் ஐஸக் நியூட்டனுக்கு நேர்ந்த இந்த அவமானத்தை அரசாங்கம் பொறுக்குமா? அதிகாரிகள், விஞ்ஞானிகள், டாக்டர்கள், ஊரார், பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் சாட்சியங்களுமே நாவல். மனிதன் மேல்தளத்தில் நிற்பதை எல்லாரும் கண்ணாற் பார்க்கிறார்கள். பார்த்ததை இல்லையென்று சாதிக்க எத்தனை பக்கம் காகிதம் செலவாகிறது என்பதே வேடிக்கை. பாவம் யுராச்செக், பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போகிறான். ஆஸ்பத்திரியைப் படிக்கும்போது வேடிக்கை சற்றுக் குறைந்துவிடுகிறது.

இரண்டாவது, 1978இல் வெளிவந்த 'தூக்குக்காரி'. லீசிங்கா என்ற அழகிய சிறுமி மேற்படிப்புக்கான பரீட்சைகளில் தேறவில்லை. அவள் தந்தை பாஷா சாஸ்திர பண்டிதர். தாயோ பெண்ணை எப்படியாவது முன்னுக்குக் கொண்டுவந்துவிடத் துடிப்பவள். அப்போது ஒரு புதிய அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறது என்று சொல்கிறார்கள். அங்கே கற்பிக்கப்படுவது கொலைத் தண்டனையை நிறைவேற்றும் கலை. ஆண் பிள்ளைகள் நடுவே ஒரே பெண்ணாக லீசிங்கா சேர்க்கப்படுகிறாள். பாடத்திட்டம் உண்டு, செய்முறைப் பயிற்சி உண்டு, பரீட்சை உண்டு, ஆசிரியர்களின் பதவிப் போட்டி உண்டு. எந்தப் பள்ளிக்கூடத்திலும் நடப்பதுபோல எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அந்த ஒழுங்குதான் குலை நடுக்கம் தருகிறது. நாவலின் சில பகுதிகள் குரூரத்தில் எல்லை மீறிப் போகின்றன என்பது என் அபிப்பிராயம். சிறுவர் கையில் கொடுக்கத் தக்கதன்று. ஆனால், நல்ல சம்பளமும் ஓய்வுக்கால ஊதியமும் உள்ள வேலை என்று கேட்டவுடன் அந்தத் தாய் சமாதானம் அடையும் இடம் இருக்கிறதே, அதைப் படித்தபின் பெற்றோர்கள் என்னிடம் வந்து பிள்ளையை எதில் சேர்க்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்து என்னைச் சங்கடப்படுத்துகிறது.

நிற்க. 1976 அக்டோபரில் செக்கோஸ்லோவேக சர்க்கார், தான் ஒப்புக் கொண்ட ஐக்கிய நாடுகளின் மனித உரிமை உடன்படிக்கைகள் இரண்டைத் தன் சட்டத் தொகுப்பிலே 120ஆம் இலக்கமாகப் பிரசுரித்தது. இதை எவரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்தார்கள் போலும். ஆனால் நாடகாசிரியர் ஹாவெல், தத்துவப் பேராசிரியர் பாட்டோச்கா, முன்னாள் வெளிநாட்டு மந்திரி ஹாயெக், கோஹௌட் முதலானோர் அதைப் படித்தார்கள். நீங்களே அச்சிட்ட சட்டத்தை நீங்களே அநுசரியுங்கள் என்று கேட்கும் ஒரு பத்திரத்தைத் தயாரித்தார்கள். 1977 ஜனவரி முதல் தேதியிட்ட அதற்குச் 'சாஸனம் 77' என்ற பெயரைச் சூட்டியவர் கோஹௌட் என்பர். முதலில் கையெழுத்திட்டவர்கள் 240க்குச் சற்று அதிகம். ஜனவரி 6ஆம் தேதி அதைத் தபாலில் சேர்க்கவும் நேரிற் கொடுக்கவும் ஒரு மோட்டாரில் புறப்பட்ட மூவரை ரகசியப் போலீஸார் துரத்திப் பிடித்தார்கள். ஹாவெல், வாட்சுலிக் இருவரோடு, மூன்றாமவராகக் காரை ஓட்டிச் சென்றவர் நடிகர் லண்டோவ்ஸ்கி. மறு வருஷம் மாக்பெத் ஆனவர் இவர்தான்.

அதன் பின் நடந்த ஒரு கூட்டம் இந்தக் கதையில் முக்கியமானது. பிராக்கிலுள்ள தேசீய நாடகசாலைக்குப் பெருமைக்குரிய வரலாறு ஒன்று உண்டு. ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில், தங்கள் பாஷைக்கென்று ஒரு நாடகசாலை வேண்டுமென்று ஏழை எளியவர்கள் முதற்கொண்டு காசு சேர்த்துக் கட்டினார்கள். 1881இல் திறந்த சில வாரங்களிலேயே அது தீக்கிரையாயிற்று. மனம் தளராமல் மறுபடியும் காசு சேர்த்து 1883இல் திறந்தார்கள். தேசம் தனக்குத் தானே அளித்துக் கொண்டது என்ற பொருள்படும் வாசகம் அதன் மேடைக்கு மேலே பொறித்திருக்கிறது. 1977 ஜனவரி 28ஆம் தேதி அந்த மேடையில் நாட்டின் பிரபல நடிகர் நடிகைகளையும் கலைஞர்களையும் கூட்டி, சாஸனத்தைக் கண்டிக்கும் பிரகடனம் ஒன்றை வாசிக்கச் செய்து, கையெழுத்து வாங்கினார்கள். வந்தவர்களிற் பலர் சாஸனத்தைப் படித்ததே இல்லை. படிப்பதற்கு அது எங்கும் அச்சாகவில்லை. வேலை போய்விடுமே, மக்களின் படிப்பு போய்விடுமே என்ற பயம் அவர்களுக்கு. அவர்களைத் திட்ட எனக்கு நா எழவில்லை. நானும் மாதச் சம்பளக்காரன்.

பாட்டோச்கா, அடுத்தடுத்து நடந்த போலீஸ் விசாரணைகளுக்குப் பின் மார்ச் 13ஆம் தேதி காலமானார். கோஹௌட்டைப் பிராக்கில் அவர் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். அவரும் அவர் மனைவியும் எழுத்தாளருமான யெலேனா மாஷினோவாவும் ஸாஸவா என்ற சிற்றூரிலுள்ள வீட்டுக்குப் போனார்கள். அங்கே அவர்கள் வளர்த்து வந்த குட்டைக்கால் நாயை யாரோ விஷம் வைத்துக் கொன்றார்கள். ஒரு வல்லரசின் துணையைப் பெற்ற சர்க்கார் எதிர்த்து நின்றது, எழுதுகிறவன் ஒருவனையும் அவன் நாயையும்!

இந்தச் சமயத்திலேதான் கூடத்தில் மாக்பெத் நடந்தது. கிராமோஸ்டோவா 1976 முதலே தம் வீட்டுக் கூடத்தை நாடகசாலையாக்கியிருந்தார். மகாகவி ஸைபெர்ட்டின் நினைவுக் குறிப்புக்களை நண்பர்கள் முன்னிலையில் வாசித்ததே ஆரம்பம். (அந்த ஸைபெர்ட்டுக்குத்தான் 1984இல் நோபல் பரிசு கிடைத்தது.) அடுத்தபடியாகக் கோஹௌட் ஷேக்ஸ்பியரைச் சுருக்கினார். திரை இல்லை, மேடை இல்லை. நாற்காலிகளிலும் தரையிலும் உட்கார்ந்திருப்பவர்களின் முழங்கால் மீது அங்கி உரசுமளவுக்கு அருகே கொலைகார அரசன் நடமாடுவான். யார் வீட்டிலாவது வேண்டுமென்று கேட்டால், ஐந்து பேரும் ஒரு பெட்டியுமாகப் போய் அங்கேயே ஆடிவிட்டு வருவார்கள். வருகிறவர்களைப் போலீஸார் கவனிக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஏன் மாக்பெத்? கொடுங்கோலனுக்குத் தூக்கம் வராது, காணும் இடமெல்லாம் ஒற்றர் வைப்பான், நாட்டில் நல்லவர்கள் இருக்க முடியாது என்பவையெல்லாம் அந்தச் சபைக்கு விளக்கம் தேவையில்லாத விஷயங்கள். ஆனால் அதை ஆட எடுத்தவரின் உள்ளத்தில் வேறொன்றும் இருந்திருக்கலாமென்று நான் நினைக்கிறேன். மாக்பெத் பிறவிக் கொடியவன் அல்லன். நல்ல வீரன். வரப்போகும் மகிமையைப் பற்றிச் சிலர் அவன் காதில் ஓதுகிறார்கள், நம்பிவிடுகிறான். கறை படிந்த கையைக் கழுவிக் கொண்டே இருக்கும் அவன் மனைவியை நாமெல்லாரும் அறிவோம். ஸ்டாலினைப் பாடிய கோஹௌட், அந்த நாடகத்தை வரி வரியாகச் சுருக்கியபோது எதை வெட்டினார், எதை வெட்ட முடியாமல் விட்டார் என்று அறிய எனக்கு ஆவல் உண்டு.

இங்கிலாந்தின் நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டு இந்த விஷயத்தைக் கேள்வியுற்றார். இவர் செக் நாட்டில் பிறந்து, யுத்த காலத்தில் சிங்கப்பூர் வழியாக இந்தியாவுக்கு வந்து, டார்ஜிலிங்கில் படித்துவிட்டுப் பின்னர் இங்கிலாந்து சென்றவர். 1977இல் பிராக்குக்குப் போய்க் கோஹௌட்டைச் சந்தித்தும் இருந்தார். 1979இல் அவர் எழுதிய நாடகத்தில், ஒரு வீட்டுக் கூடத்தில் மாக்பெத் நடந்து கொண்டிருக்கையில் இன்ஸ்பெக்டர் ஒருவர் உள்ளே நுழைந்து நடிகர்களைக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். 'காஹூட்டின் மாக்பெத்' என்று பெயர். கோஹௌட்டின் பெயரைச் சிறிது மாற்றியது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கள்ளக் கூட்டு என்றும் பொருள் தொனிக்கும்.

1978 அக்டோபரில் வியன்னாவிலுள்ள பூர்க் நாடகசாலையில் ஒரு வருஷம் வேலை செய்யக் கோஹௌட் தம்பதிக்கு அனுமதி கிடைத்தது. இது கருணையென்று அவர்கள் நினைக்கவில்லை. இருந்தும் வருஷம் முடிந்தவுடன், 1979 அக்டோபரில், பயணச் சீட்டுக்களெல்லாம் ஒழுங்காக இருக்க, எல்லைக்கு வந்து நின்றார்கள். சொந்த நாட்டுக்குள்ளே விடாமல் காவற்காரர்கள் அவர்களைத் திருப்பி ஆஸ்திரியாவுக்கே தள்ளிவிட்டார்கள். பின்னர் பிரஜா உரிமையும் பறிக்கப்பட்டது. நாட்டை விட்டு ஓடியவர்களுக்குத் தண்டனை விதிக்கும் அரசாங்கங்களைப் பார்த்திருக்கிறோம். ஓடமாட்டேன் என்று திரும்பி வந்தவரை ஓட்டியது இந்த அரசாங்கம்.

அந்த வருஷம் வியன்னாவில் ஒரே மாலையில் இரண்டு சிறு நாடகங்கள் நடந்தன. ஒன்று, அப்போது சிறையில் இருந்த ஹாவெல் எழுதியது. மற்றொன்று கோஹௌட் எழுதியது. இரண்டிலும் பாத்திரம் ஒன்றே: வான்யெக் என்னும், கூச்ச சுபாவமுள்ள, தடை செய்யப்பட்ட எழுத்தாளன். நண்பர் படைத்த பாத்திரத்தை இரவல் வாங்கிக் கொண்டு, அவனை ஒரு நாய்க்குச் சான்றிதழ் வாங்குவதற்காக அலுவலகத்துக்கு அனுப்புகிறார் கோஹௌட். ஹாவெலின் ஆழம் இவருக்கு இல்லை என்று விமர்சகர்கள் சொல்வார்கள், அது சரியே. இவர் பிறவி நாடகக்காரர். சபையைச் சிரிக்க வைக்கும் சாமர்த்தியம் சில இடங்களில் விஷயத்தையும் மிஞ்சிவிடுகிறது. ஆனால் அலுவலகத்துக் குமாஸ்தாவின் முன்னால் கையைப் பிசைந்து கொண்டு நிற்பவனை இவரைப் போல் காட்டியவர்கள் குறைவு. விஷம் வைக்கப்பட்ட நாயின் கதையை 1987இல் தனி நூலாகவே எழுதினார். அதன் தலைப்புக்கு 'நாய் எங்கே புதைந்திருக்கிறது' என்று அர்த்தம். செக் பாஷையில் அது ஒரு வழக்குச் சொல். விஷயத்தின் மர்மம் எங்கே இருக்கிறது என்பது அதன் கருத்து.

1989 நவம்பரில் பிராக் தெருக்களில் ஜனங்கள் திரண்டார்கள். டிசம்பர் 29ஆம் தேதி ஹாவெல் ராஷ்டிரபதியானார். எல்லை திறந்தது, கோஹௌட் வியன்னாவிலும் பிராக்கிலுமாக மாறி மாறி வசிக்கலானார். ஆனால் நிம்மதி வந்ததா? ரகசியப் போலீஸுக்கு ஒத்தாசை செய்தவர்களின் பட்டியல்கள் வெளியாயின. யார் பெயர் இருக்கிறது, ஏன் இருக்கிறது, உண்மையா பொய்யா என்று தேசம் முழுவதும் வீட்டுக்கு வீடு பேச்சு. 1993இல் அவர் எழுதிய 'நான் பனியாகப் பொழிகிறேன்' என்ற நாவலில், ஒரு பெண் தன் காதலனுடைய பெயரை அத்தகைய பட்டியலிலே காண்கிறாள். நீதிபதியின் அங்கி தரித்த மனிதன் மறுபடியும் மேடைக்கு வந்துவிட்டான்! அறுபது வயதைத் தாண்டிய கோஹௌட், அவனை இந்த முறையும் எளிதிலே தீர்ப்புச் சொல்ல விடவில்லை.

அவருடைய வாலிபக் கவிதைகளை எடுத்து வீசியவர்கள் அப்போதும் இருந்தார்கள். வீசியவர்களில் சிலர் அந்தக் காலமெல்லாம் வாயே திறவாதிருந்தவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். கோஹௌட் அவற்றைத் தாம் எழுதவில்லை என்று சொல்லவுமில்லை. எழுதினதற்கு வருந்தவில்லை என்று சொல்லவுமில்லை. பின்னர் தம் நினைவுக் குறிப்புக்களை இரண்டு பாகமாக எழுதியபோது, 'இதுவா என் வாழ்க்கை?' என்ற பொருள்பட அதற்குத் தலைப்பு வைத்தார். தலைப்பின் முடிவில் கேள்விக்குறி ஒன்று போதவில்லை போலும், இரண்டு இருக்கின்றன.

1996இல் பிராக் நகரில் ஒரு நாடக விழா தொடங்கிற்று. அதைத் தொடங்கியவர்களில் கோஹௌட் ஒருவர். அங்கே வந்து நடிக்கிறவர்கள் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்ஸர்லாந்து நாடகக் குழுவினர். நடிப்பது ஜெர்மன் பாஷையிலே. 1939 மார்ச் மாதத்தில் பத்து வயதுப் பையனாக எந்த நகரத்துத் தெருக்களில் அவர் அந்தப் பாஷையைக் கேட்டிருப்பாரோ, அதே நகரத்தில், அரங்கம் நிறைய டிக்கெட் வாங்கிக் கொண்டு உட்கார்ந்து செக் ஜனங்கள் அதைக் கேட்டார்கள்.